இருநூற்று நாற்பது படமும் ஒரு குடை மார்க் விளக்கும்

உ
முருகன் துணை

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
12.9.1968

மதிப்பிற்குரிய அண்ணன் ராஜமாணிக்கம் அவர்களுக்கு, கடல் தாண்டி வந்து குடியேறிய தங்கை மரகதம் கிழக்கு முகமாக உட்கார்ந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கணக்கு எழுதிப் பழகிய கை, இல்லாததை வரவில் வைக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் மாப்பிள்ளைக்கு வயிற்றில் உள்ள கட்டி, வைகாசியில் எலுமிச்சை அளவு இருந்தது, இப்போது சாத்துக்குடி அளவு. போர்ட் பிளேர் டாக்டர் நாலு மாதமாக ஒரே பேச்சுதான் பேசுகிறார், அடுத்த கப்பலில் மெட்ராஸ் கொண்டுபோய் அறுத்துவிடுங்கள் என்று. இவர்களும் நாலு மாதமாக ஒரே பேச்சுதான். "கொட்டடில இருநூறு டின் எண்ணெய் நிக்கி. அது வித்து முடியட்டும், ஏறுதேன். கொப்பரைக்காரன் பாக்கியக் கேட்டு வந்தா ஜம்புலிங்கம் ஓடிட்டான்னுல்லா சொல்லுவான்." இப்படிச் சொல்லியே ஆறு கப்பலை விட்டாகிவிட்டது. கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். அண்ணன், எண்ணெய் விற்றால்தான் இவர்கள் ஏறுவார்கள், ஏறினால்தான் பிழைப்பார்கள். நம் ஜோதிமணி தேங்காய் எண்ணெய்க்கு அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு கார்ட்டூன் விளம்பரம் எடுத்து இங்குள்ள சினிமாக் கொட்டகையில் போடலாம் என்று நீங்கள் எழுதினபோது நான் ஒத்துக்கொண்டது அதற்காகத்தான், கலை ஆசையால் இல்லை.

நீங்கள் எழுதினபடியே செய்தேன். இருபது நொடிக்கு இருநூற்று நாற்பது படம், ஒவ்வொன்றையும் உங்கள் ஸ்டூடியோவில் இரண்டிரண்டு தடவை காமிராவில் பிடிப்பீர்கள், அப்போதுதான் சுடர் ஆடும் என்றீர்கள். நீங்கள் அனுப்பின தாள்களின் துளையை மாட்ட மணைப் பலகையில் இரண்டு ஆணி அடித்துக்கொண்டேன். ஒரு நோட்டில் தேதி, வரைந்த படத்தின் எண், கெட்டுப்போன தாள் என்று பத்திப் பத்தியாக எழுதிவைத்தேன். கெட்டது முப்பத்தொன்று, அதில் ஒன்பது மழை ஒழுகினது, ஒன்று பல்லி. இவர்கள் படுத்திருக்கும் கட்டிலின் கால்மாட்டில் மேஜையைப் போட்டு, குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டுதான் உட்காருவேன். விளக்கு வரைவது சும்மா காரியமா?

கதை நீங்கள் சொன்னதுதான். இடப்பக்கம் வேறு எண்ணெயில் எரியும் விளக்கு, வலப்பக்கம் நம் எண்ணெயில் எரியும் விளக்கு, பக்கத்தில் அததன் டின். காற்று அடிக்கிறது. இடப்பக்கத்து விளக்கு புகைந்து மலையேறிவிடுகிறது (அணைகிறது என்று எழுதக் கை வரவில்லை), நம்முடையது நிமிர்ந்து நின்று, பெண்ணாக மாறிப் பார்ப்பவர்களுக்கு வணக்கம் சொல்கிறது, பெயர் வருகிறது. "வேறு எண்ணெய் டின் என்று ஏதாவது ஒன்று போடு" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன், மெட்ராஸில் ஏதாவது ஒன்று என்றால் அம்பது டின் இருக்கும். இந்தத் தீவில் டின்னே இரண்டுதான், ஒன்று நம்முடையது, இன்னொன்று கப்பலில் வருகிற இரட்டைக் குடை மார்க். நான் பொய்யாக ஒரு டின்னை வரையக் கூடாதென்று பக்கத்து வீட்டு சம்சாத்திடம் காலி டின்னைக் கேட்டு வாங்கி முன்னால் வைத்து, இரண்டு குடையையும் கம்பி எண்ணி வரைந்தேன்.

நூற்று எட்டாவது படம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நூற்று ஒன்பதிலிருந்து இடப்பக்கத்துச் சுடர் சிறுக்க வேண்டும். சிறுக்க வைத்தேன். கோதுமை அளவு, அரிசி அளவு, எள் அளவு. நூற்று இருபத்தொன்றில் அது போக வேண்டும். தாளை மாட்டினேன். கட்டிலில் இவர்கள் முனகினார்கள். நிமிர்ந்து பார்த்தேன், முகம் வெள்ளைத் துணியாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், நோயாளி படுத்திருக்கிற அறையில், கால்மாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் குங்குமத்தோடு, என் கையாலேயே ஒரு விளக்கை மலையேற்றுவேனா? குடை மார்க் விளக்காக இருந்தால் என்ன, விளக்கு விளக்குதானே. அது யார் எண்ணெயில் எரிகிறது என்று லட்சுமி டின்னைத் திருப்பியா பார்க்கப் போகிறாள்? எள் அளவு சுடரைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, வளையல் போட்ட கை ஒன்று வரைந்து திரியைத் தூண்டிவிட்டுவிட்டேன்.

தூண்டினால் எரியும் அல்லவா, எரிந்தது. மீதித் தாளைக் காலியாக விட முடியாது, நோட்டில் எண் இடிக்கும். அதனால் ஒரு முகம் எரிந்ததை ஐந்து முகமாக்கி, முகத்துக்கு ஒரு முருகன் பேர் சொல்லிச் சொல்லி வரைந்தேன், இவர்கள் பிழைக்க வேண்டுமென்ற வேண்டுதலையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். நம் விளக்கை மட்டும் அடக்கமாகவே போட்டேன், நம் சரக்கை நாமே பெரிதாகக் காட்டிக்கொள்வது அழகில்லை என்று. வணக்கம் சொல்லும் இடத்தில்தான் இன்னொரு சங்கடம். நேர்முகமாகக் குனிகிற பெண் எனக்கு வரவில்லை, பதினோரு தாள் கெட்டது, மூக்கு வாய்க்குள் போகிறது. பக்கவாட்டில் குனியவைத்தேன், அது நன்றாக வந்தது.

பார்சல் கப்பல் ஏறின பிறகுதான் பயம் வந்தது. நீங்கள் இருபது வருஷம் ஸ்டூடியோவில் இருப்பவர்கள், பார்த்தால் திருத்திவிடுவீர்கள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். நீங்களோ படச்சுருளோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்து, "நேரம் இல்லாததால் வந்தபடியே எடுத்துவிட்டோம். கதை சரியாக விளங்கவில்லை. தீபம் அபாரம்" என்று எழுதியிருந்தீர்கள். தமிழிலும் இந்தியிலும் குரல் வேறு முன்பே பதிந்து சேர்த்துவிட்டீர்கள். அண்ணன் என்பதால் கோபத்தை எழுதாமல் விடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்சாத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறிப் பகல் ஆட்டத்துக்குப் போனேன். படம் தொடங்கும் முன் நம் விளம்பரம் வந்தது. "இரண்டையும் பாருங்கள், உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று உங்கள் ஆள் கேட்கிறான். இடப்பக்கத்தில் குடை மார்க் விளக்கு ஐந்து முகமாகக் கோயில் கருவறை மாதிரி நிற்கிறது. முன் வரிசைத் தெலுங்குப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு வங்காளிப் பெரியவர், "வாஹ், க்யா தீயா ஹை" என்று அந்த விளக்கை மெச்சினார். வலப்பக்கத்தில் நம் விளக்கு குன்றிப்போய், கடைசியில் பெண்ணாக மாறி, பார்க்கிறவர்களை விட்டுவிட்டு, இடப்பக்கம் திரும்பிக் குனிந்து கும்பிட்டது.

சம்சாத் என் காதில், "என்னக்கா, நம்ம விளக்கு போயி அந்த விளக்குக்கு சலாம் வைக்குது?" என்றாள்.

"பேசாம இரு" என்றேன்.

"நான் பேசல. கொட்டகையே பேசுது."

மறுநாளிலிருந்து கேட்கவே வேண்டாம். சம்சாத்தின் வீட்டுக்காரர் சேக் தாவூத்துக்குப் படகுத்துறையில் கடை, இரண்டு எண்ணெயும் அவரிடம்தான் விற்கிறது. நல்ல மனுஷர், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. வர்றவுக எல்லாம் அந்த அஞ்சு முக விளக்கு எண்ணெய் குடுங்கன்னுதான் கேக்குறாக. குடை மார்க்கு டின்னு காலி. மெயின்லேண்டுக்குத் தந்தி குடுத்திருக்கேன்."

"நம்மளது, பாய்?"

"ஒண்ணு போச்சு. மூடி சரியில்லன்னு அதையும் திருப்பிக் குடுத்துட்டாக."

உள்ளே கட்டிலிலிருந்து, "யாரு, பாயா? எத்தன டின் போச்சு?" என்று இவர்கள் கேட்க, அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "போயிட்டிருக்கு மாப்ள, பஹுத் போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார். பொய் சொன்னது அவர், அந்தப் பாவத்துக்கு விரதம் இருந்தது நான்.

அதனால் அண்ணன், காலில் விழுந்து கேட்கிறேன். நூற்று இருபத்தொன்று முதல் இருநூற்று நாற்பது வரை மாற்றி எடுக்க வேண்டும். அந்தக் குடை மார்க் விளக்கை மலையேற்றுகிற படங்களை உங்கள் ஸ்டூடியோவில் யாராவது வரையட்டும். ஆனால் நமக்கு உறவாக இல்லாதவராக, வீட்டில் நோயாளி இல்லாதவராக, முடிந்தால் விளக்கேற்றுகிற வழக்கமே இல்லாதவராகப் பாருங்கள். நீங்கள் வரைய வேண்டாம், மதினி கழுத்தில் தாலி இருக்கிறது. இந்தக் கடிதம் வருகிற கப்பல் இங்கே திரும்பும்போதே சுருள் அதில் வந்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தோடு போகிறது ஏழாவது கப்பல், எண்ணெய் போகவில்லை என்றால் இவர்கள் எட்டாவதையும் விடுவார்கள், ஒன்பதாவதை விட ஆள் இருக்க மாட்டார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர்களை வைத்துக்கொண்டு இதை வாய்விட்டு எழுத முடியாதென்று உதட்டுக்குள்ளேயே எழுதுகிறேன்.

மதினிக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் ஏற்றினது என்றைக்கும் நின்று எரிய அந்தச் செந்தூரான் காவல் இருப்பான்.

இப்படிக்கு,
தங்கை மரகதம்

பி.கு.: மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றவள் அல்லவா நான், உதட்டுக்குள் எழுதினாலும் சத்தம் வந்துவிடும், இவர்கள் முழுதும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒட்டுவதற்குப் பசை எடுக்கும்போது, "என்னட்டி, எழுதி முடிச்சிட்டியா?" என்று சிரித்தார்கள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு, பிறகு வெகுநேரம் வலி. போன செவ்வாய் நான் கோயிலுக்குப் போயிருந்தபோது குடை மார்க் கம்பெனி ஏஜெண்டு வந்தானாம். இந்தத் தீவில் இவ்வளவு எண்ணெய் போகும் என்று அவர்களுக்கே தெரியாதாம், கப்பலில் கொண்டுவந்து மாளாது, இங்கேயே எண்ணெய் ஆட்டப் போகிறார்களாம். நம் ஆலை, கொட்டடி, இருநூறு டின், எல்லாவற்றையும் இவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "உன் விளக்கப் பாத்துட்டுத்தான் வந்தேம்னான். சொன்னா அழுவியேன்னு கப்பல்ல வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்கிறார்கள். வருகிற கப்பலில் இரண்டு படுக்கை போட்டாகிவிட்டது. இந்தக் கடிதமும் அதே கப்பலில்தான் வரும் என்று நினைத்தேன், ஏஜெண்டு ஆகாய விமானத்தில் போகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவர்களுக்குப் படம் அப்படியே வேண்டுமாம், கடைசியில் வரும் ஜோதிமணி என்ற பெயரை மட்டும் வெட்டினால் போதும் என்கிறார்கள். அதை நீங்களே வெட்டிவிடுங்கள். துறைமுகத்துக்கு ஒரு கைநாற்காலியோடு வந்து நில்லுங்கள், இவர்களால் ஏணி இறங்க முடியாது. தூக்க நாலு ஆள் வேண்டும் என்று எழுத வந்தேன். இரண்டு பேர் போதும்.