நாலாவது சட்டை வால்

டெல்பர்ட் பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஐம்பது கஜத்துக்கு அப்பால் தொங்கிய காகிதத் தட்டில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. அவர் சுட்டது ஐந்து தோட்டா. பேத்தியின் பிறந்தநாளில் மிஞ்சிய தட்டு அது. நீலத் திமிங்கலம் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒன்று போய் அதன் கண்ணில் பட்டிருக்கிறது, மீதி நாலும் மண்மேட்டுக்குத்தான் என்று முடிவு கட்டினார்.

போய்த் தட்டைக் கழற்றுவதற்குள் சங்கத்தின் முன்வாசலில் நார்பர்ட்டின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. நார்பர்ட் அவர் மனைவியின் அண்ணன். அந்தத் தட்டை அவன் பார்த்தால் அடுத்த வருஷம் வரைக்கும் அதே பேச்சுதான். தட்டாவது மண்ணாவது என்று புதுத் துப்பாக்கியை வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்.

ஓடினதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மான்வேட்டைச் சங்கத்தில், சீசனின் முதல் நாள் மானைக் குறிதவறிச் சுட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்னால் தொங்கும் கீழ்ப்பகுதியை, கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பார்கள். அன்றைக்கு என்ன சட்டையோ அதுதான். மூன்று வருஷமாக மூன்று வால் தொடர்ந்து டெல்பர்ட்டுடையது. அவர் மனைவி ஆர்லீன் கைவிரித்துவிட்டாள்.

"கத்தரிக்குக் குடுக்கறதுக்குன்னு என்னால சட்டை வாங்கிட்டு இருக்க முடியாது. உங்கப்பா சட்டை இருக்குல்ல, அதப் போட்டுக்கிட்டுப் போங்க."

அப்பாவின் சட்டை, சிவப்புக் கறுப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. அவர் நாற்பது சீசன் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். ஒரு தடவைகூட அதில் கத்தரி பட்டதில்லை. அவர் இறந்த பிறகும் டெல்பர்ட் அதைத் துவைக்கவிடாமல் வைத்திருந்தார். அந்தச் சட்டையில் யாராவது கை வைத்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காகத்தான் இந்தப் புதுத் துப்பாக்கியே. மிச்சிகனின் தென்பக்கத்தில் பெரிய ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதி கிடையாது, கைத்துப்பாக்கித் தோட்டா போடுகிற ரைஃபிளுக்கு உண்டு. தோளைப் பெயர்க்கும் பழைய ஷாட்கன்னை மூலையில் சாத்திவிட்டு, குட்டியாக ஒன்று வாங்கினார். கதவுத் தாழ்ப்பாளைப் போல இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்ற வேண்டும். எடை மூன்று கிலோகூட இல்லை.

"தப்பு என் மேல இல்ல," என்றார், தட்டை விட்டுவிட்டு ஓடிவந்த அன்று, ஆர்லீனிடம். "துப்பாக்கிலதான் ஏதோ கோளாறு. கொஞ்சம் சரிபண்ணணும்."

முதலில் விசை கடினமாக இருப்பதாகத் தோன்றியது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இளக்கமாக ஒன்றைப் போட்டார். வீட்டுக்குப் பின்னாலிருந்த சரளைக்குழியில் வைத்துச் சோதித்தார். தொண்டையைச் செருமினாலே வெடித்தது.

அடுத்து, தோளில் சாய்க்கும் கட்டை தன் கைக்குக் குட்டை என்று கண்டுபிடித்தார். அதன் பின்னால் தடியாக ரப்பர் ஒட்டினார். இப்போது கண் குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு எட்டவில்லை. பெரிய ஸ்கோப்பாக வாங்கி உயரத்தில் மாட்டினார். கண் எட்டியது, கன்னம் அந்தரத்தில் தொங்கியது. ஆர்லீனின் அடுப்புக் கையுறையைக் காணவில்லை என்று அவள் இரண்டு நாள் தேடினாள். அது கட்டையின் மேல் கன்னத்துக்குத் தலையணையாக ஒட்டப்பட்டிருந்தது.

இவ்வளவும் சேர்ந்ததும் கனம் தாங்காமல் கை நடுங்கியது. அதற்கு மடக்குக்கால் இரண்டு பொருத்தினார். தாழ்ப்பாளின் குமிழ் சின்னதாக இருக்கிறதே என்று எலுமிச்சை அளவில் ஒன்றை மாட்டினார், அது போய் ஸ்கோப்பில் முட்டியது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் திறந்தது. அடி விழ விழ ஸ்கோப் நகர்ந்தது. குழியில் வைத்த பெயின்ட் வாளி அக்டோபர் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சங்கத்துப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆர்லீன் துப்பாக்கியைக் குளியலறை எடைமேடையில் வைத்துப் பார்த்தாள். ஷாட்கன்னைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல்.

"குட்டியா வேணும்னுதானங்க இத வாங்கினீங்க?"

"இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. அதோட முடிஞ்சுது."

நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள், விடிந்தது. அப்பாவின் சட்டை மேல் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஆப்பிள் மரத்துக்கு எதிரே இருந்த பரணில் டெல்பர்ட் ஏறி உட்கார்ந்தார். ஏழரை மணிக்கு மான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்போடு நாற்பது அடியில் பக்கவாட்டில் நின்றது. இதைவிட நல்லபடியாக ஒரு மான் நிற்க முடியாது.

டெல்பர்ட் துப்பாக்கியைத் தூக்கினார். மடக்குக்கால் ஒன்று தானாக விரிந்து 'டக்' என்றது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பழுப்பு மயிர்தான் தெரிந்தது. அது கழுத்தா, வயிறா, வாலா, ஒன்றும் புரியவில்லை. கையுறைத் தலையணை வழுக்கியது. அப்பா, இந்த ஒரு தடவை காப்பாத்துங்க என்று மனசுக்குள் வேண்டி மூச்சை விட்டார். அந்த மூச்சிலேயே வெடித்துவிட்டது.

ஒரு ஆப்பிள் அறுந்து விழுந்தது.

டெல்பர்ட் எலுமிச்சைக் குமிழை ஓங்கி அடித்தார், திறக்கவில்லை. மறுபடி அடித்தார், முட்டுக்கொடுத்து மிதித்தும் பார்த்தார். மான் நிதானமாக நடந்து வந்து, அந்த ஆப்பிளைக் கொறித்துத் தின்றுவிட்டு, இன்னொன்று விழுமா என்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது. பிறகு போய்விட்டது.

வெடிச்சத்தம் கேட்டு வந்த நார்பர்ட் புல்லில் ரத்தம் தேடினான். ஆப்பிள் விதைதான் கிடைத்தது.

"மாப்ள, மானுக்குப் பசியாறப் போட்டிருக்கீங்க. புண்ணியம்," என்றான்.

அன்று சாயங்காலம் சங்கத்துக் கூடத்தில் எல்லாரும் சில்லி என்கிற இறைச்சிக் குழம்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டெல்பர்ட் அப்பாவின் சட்டை என்று சொல்லிப் பார்த்தார், வேறு எதை வேண்டுமானாலும் கத்தரித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான் என்றார்கள். நார்பர்ட்டுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் கத்தரித்தான். கம்பளி கிழிந்த சத்தத்தில் டெல்பர்ட்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சில்லியில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தார்.

சுவரில் இடமில்லை. மூன்று பழைய வால்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு எதையோ மாட்டியிருந்தார்கள். நார்பர்ட் அதைக் கழற்றக் கையை நீட்டினான்.

"அதுல கைய வெக்காத," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. சங்கத்துக்குச் சமைத்துப்போடும் ஓப்பல் அம்மாள், கரண்டியோடு வந்து நின்றாள். "ஒன் மாப்ள வாலுக்கு வேற எடம் பாரு."

டெல்பர்ட் நிமிர்ந்து பார்த்தார். சட்டத்துக்குள் நீலத் திமிங்கலம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இத... யாரு சுட்டது?" என்றார்.

"அதான் தெரியல. செப்டம்பர்ல யாரோ சுட்டு, அப்பிடியே விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் உள்ள சத்தத்த எண்ணிட்டே இருந்தேன், அஞ்சு. போய்ப் பாத்தா அஞ்சும் ஒரே ஓட்டையில போயிருக்கு, என் கட்டவெரலே நுழையுது. என்னிக்காவது அந்த மனுசனப் பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்னு இருக்கேன். ஐயா, அந்தத் துப்பாக்கில ஒரு திருகாணியக்கூடத் தொட்றாதீங்க."