மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்

மனிதர்களில் 'மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்' என்றொரு பிரிவு உண்டு. ஊரார் விஷயத்தில் இவருக்கு முதல் விடையே முடிவு. தன் விஷயத்தில், பிடித்த விடை வரும்வரை எந்த விடையும் விடையல்ல. அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் உள்ளறைக்கு வாருங்கள்.

ரத்தத்தைத் தெளியவைத்து எடுத்த நீரைக் கரைசலோடு மெல்லிய குழாய்க்குள் தள்ளி, அதிலுள்ள வைட்டமின், அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து, திரையில் சிகரம் சிகரமாக வரைந்து காட்டும் இயந்திரத்துக்கு நம்மவர்தான் அதிகாரி. வெளிச்சம் பட்டால் சில வைட்டமின்கள் கெட்டுவிடுமாம். ஆகவே ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, புட்டிகளுக்குப் பழுப்பு நிறம், அவருக்கு இருட்டு. டி வைட்டமின் சிகரம் குட்டையாக வந்தவர்களையெல்லாம், "வெயில்ல தலைகாட்டாத சோம்பேறிங்க" என்று வாய் வலிக்கத் திட்டுவார்.

வீட்டில் ஒரு மச்சான், மனைவியின் தம்பி. வெயிலில் வீடு வீடாக அலைந்து தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவன். சாப்பிடும்போது சும்மா இருக்காமல் சீண்டினான்.

"மாமா, நீங்க சூரியனப் பாத்து எவ்ளோ நாளாச்சு? காலையில என்கூட நடக்க வாங்களேன்."

"எனக்கா சொல்ற? டெஸ்ட் எடுப்போம்டா. டி வைட்டமின் என்னைவிட உனக்கு அதிகமா இருந்தா, தினம் உன்கூட நடக்கிறேன்!"

"அக்கா, கேட்டுக்க. நீதான் சாட்சி."

இருவர் ரத்தமும் மற்றவர்களுடையதோடு சேர்ந்து ஓடியது. மச்சானுடையது கோபுரம். இவருடையது எறும்புப் புற்று.

விடுவாரா? குழாயில் காற்றுக்குமிழி என்றார், ஓட்டினார். கரைசல் பழசு என்றார், புதிதாகக் கலந்து ஓட்டினார். குழாயையே மாற்றினார். ஏ.சி.யை முறைத்தார். புற்று வளரவில்லை.

"மெஷின் சரியில்லம்மா" என்று உதவியாளரிடம் தீர்ப்புச் சொன்னார்.

அந்தப் பெண் போனைக் கையில் எடுத்தாள். "அப்போ காலையில ரிசல்ட் குடுத்த எல்லாருக்கும் அது தப்புன்னு சொல்லிடவா சார்? நம்ம லேப் டைரக்டரோட மாமியார்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

"ஐயையோ, வைம்மா! மெஷினுக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ உங்க ரிசல்ட்டும் சரி."

அவர் தன் ரிசல்ட் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சொன்ன சொல் தவறாமல் மச்சானோடு நடந்தார். தலைக்கு மேல் பெரிய கறுப்புக் குடை.

"குடையை மடக்குங்க மாமா!"

"நடக்கிறேன்னுதான்டா சொன்னேன். வெயில்லன்னா சொன்னேன்?"

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, முகம் சுளித்து இறங்கி, செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறியது யார்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.