குப்பத்து முதுகெலும்பு டாக்டர்

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு வயிறு சரியில்லை, மீன் விற்கும் கோவிந்தம்மாவுக்குக் காலில் ஆணி.

"இன்னா அத்தே, இந்நேரத்துக்கு?" என்றாள் காவேரி.

"நேத்து நீ குடுத்த மாத்திரையில உங்க நைனாவுக்கு வலி பட்டுனு நின்னுபோச்சாமே. எனக்கும் ஒண்ணு குடு, டாக்டரம்மா."

அது வெறும் பாரசிட்டமால்.

காவேரி டாக்டர் இல்லை. வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடர். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய கேஸ் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போடுவது வேலை. அவளிடம் வருவதெல்லாம் முதுகெலும்பில் கிருமி புகுந்து எலும்பை அரித்த கேஸ்கள். டாக்டர் எழுதாததை ஊகிக்கக் கூடாது. அவர்களிடம் சந்தேகம் கேட்டாலும் பதிலை நாமே ஊட்டாமல், நாலைந்து விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வேலையில் சேர்ந்த அன்று, "டாக்டருங்க எழுதுறத நான் பாத்து சரி பண்ணுவேன்" என்று அப்பா முனியனிடம் கொஞ்சம் அளந்துவிட்டாள். அது டீக்கடையைச் சுற்றி வருவதற்குள் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஒரு டாக்டர் கிடைத்துவிட்டார். அன்றைக்கே இல்லையென்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா என்று கூப்பிடுவது காதுக்கு இதமாக இருந்ததால் சொல்லாமல் விட்டாள். அதை நினைத்து இப்போது வெட்கப்பட்டாள்.

"அத்தே, நான் முதுகெலும்பு மட்டுந்தான் பாப்பேன்" என்று சொல்லி ஐந்து பேரையும் அனுப்பிவைத்தாள்.

வலை இழுக்கிற ஊரில் யாருக்குத்தான் முதுகு வலிக்காது? மறுநாள் காலையில் சந்து முனைவரை ஆள் நின்றது. ஒருவர் ஸ்டூலோடு வந்திருந்தார்.

இவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். மூன்று வாரமாக முதுகு வலி, சாயங்காலம் ஆனால் காய்ச்சல். அப்படித் தொடங்கிக் கால் விழுந்துபோனவர்களின் கேஸ்களை அவள் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறாள்.

"நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீ கீறப்ப எனுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? நீயே பாரு."

"நான் பாத்தா பத்தாது. எங்க பெரிய டாக்டர் பாக்கணும்."

"அப்ப அவர இங்க இட்டாந்துரு. நண்டு வாங்கியாறேன்."

சொன்ன பொய்க்காக, டீம் லீடர் மாளவிகாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாளவிகாவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பழக்க தோஷம் விடவில்லை.

"வலி எங்க இருக்கு? கழுத்து, நடு முதுகு, இடுப்பு, வேற இடம், சொல்லத் தெரியல. இதுல ஒண்ணு சொல்லுங்க."

முனியன் யோசித்தார். "சொல்லத் தெரியல."

அடுத்து என்ன கேட்பது என்று தெரியாத பதற்றத்தில், வழியில் படித்ததெல்லாம் மாளவிகாவுக்கு மறந்துபோயிற்று. வென்னீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு நண்டுக் குழம்பு சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். "பெரிய டாக்டரே ஒத்தடம் போதும்னுட்டாங்க" என்று முனியன் சந்து முழுக்கச் சொன்னார். அதற்கு மேல் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க வழியில்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு காலையில் முனியனால் எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் மரத்துப் போயிருந்தது. அவரோடு ஒரே படகில் போகும் செபஸ்தியான் தோள் கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேஸ் ஷீட்டில் 'முதுகு வலி, காய்ச்சல்' என்று எழுதினார். காவேரியால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், எந்த இடம்னு எழுதலையே. எலும்பா, டிஸ்க்கான்னும் எழுதணும்."

டாக்டர் நிமிர்ந்தார். "டாக்டரா? எந்தக் காலேஜ்?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த முனியன் அவசரமாகக் குறுக்கிட்டார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் சார். என் முதுகப் பாருங்க."

ஸ்கேனில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் இரண்டைக் கிருமி தின்றிருந்தது. அதற்கு என்ன எண் என்று காவேரிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் ஆறு வாரம் ட்ரிப்ஸ்ல மருந்து" என்றார் டாக்டர். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா மருந்தோட முடிஞ்சிருக்கும். கால் முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

வராந்தாவில் செபஸ்தியான் பக்கத்தில் உட்கார்ந்து காவேரி அழுதாள். இரண்டு வருஷமாக வாயில் வராதது இப்போது தானாக வந்தது.

"மாமா, நான் டாக்டர் இல்ல. நோய்க்கு நம்பர் போடுறவ. ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா நைனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும். என்ன நம்பித்தானே இப்பிடிக் கெடந்துச்சு."

செபஸ்தியான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"உன்ன நம்பி இல்லம்மா. சேந்த புதுசுல ஒருநாள் நீ சோத்து டப்பாவ மறந்துட்டுப் போனியே, அத எடுத்துக்கினு நாங்க ரெண்டு பேருந்தான் உன் ஆபீசுக்கு வந்தோம், வாட்ச்மேன் அப்பவே எல்லாத்தையும் சொல்ட்டான். டாக்டரோட நைனா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா குப்பத்துல உன்ன இன்னா நெனைப்பாங்கன்னுதான், ஒரு மாசமா பல்லக் கடிச்சிக்கினு கெடந்தான்."