சென்னையில் ஆளே கிடையாது

சென்னையில் முப்பது வருஷம் குடியிருந்தவரிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு என்னங்க தெரியும், வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா வீடு" என்பார். மூன்று நாள் போய்விட்டு வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம், பக்கத்தில் போய் நின்றால் போதும். சென்னையின் தண்ணீர், வெயில், மனிதர்களின் குணம், நாய்களின் குணம், அங்கே இட்லி ஏன் அப்படி இருக்கிறது, இனிமேல் அந்த ஊர் உருப்படுமா என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "எல்லாம் போய்ப் பாத்தாத்தேன் தெரியும்" என்று உங்களை ஒரு பார்வை பார்ப்பார். 'சென்னையைப் பார்த்துவிட்டு வந்தவர்' என்பது இந்த இனத்தின் பெயர். ஊருக்கு ஒருவராவது இருப்பார். போடிநாயக்கனூரில் இப்போதைக்கு அந்தப் பதவியில் இருப்பவர் கன்னையன்.

கன்னையனுக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கும் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும். அவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் விரித்து, பச்சை பார்த்து, பருமன் பார்த்து, ஒரு காயை உடைத்து மோந்து, "ரெண்டாந்தரம்" என்பார். அவ்வளவுதான். ஐம்பது கிலோ மூட்டையின் தலையெழுத்து அந்த ஒரு பிடியில் முடிந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்னது தப்பியதே இல்லை என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். அவர் இருக்கும்போது சொல்வார்கள்.

ஆனால் கைப்பழக்கம் கையோடு நிற்குமா? கல்யாணப் பந்தியில் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரின் பரம்பரையையே சொல்லிவிடுவார். சினிமாக் கொட்டகையில் படத்தின் பெயர் போடும்போதே எழுந்து வந்துவிடுவார். "மூட்டையக் கொட்டிப் பாக்குறவன் தொழில் தெரியாதவன்" என்பது அவருடைய கொள்கை.

இப்படிப்பட்டவருக்குப் போன மாதம் ஒரு பத்திரிகை வந்தது. அவர் மனைவியின் அக்கா மகன் இனியவன் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருந்தான். புதுமனை புகுவிழா. முகவரியின் கடைசிச் சொல், சென்னை. அதற்கு முந்திய வரிகளை யார் படிக்கிறார்கள்? படித்திருந்தால், செங்கல்பட்டைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை விட்டு ஆறு கிலோமீட்டர் உள்ளே என்று தெரிந்திருக்கும். அந்த வீட்டை விற்றவர்களே அதைச் சென்னை என்றுதான் சொல்லி விற்றார்கள். கன்னையனை மட்டும் குறை சொல்வானேன்?

அவர் பெரிய கூட்டத்தை எதிர்பார்த்துத் தயாராகத்தான் போனார். பணத்தை உள்பையில் வைத்து, பைக்கு மூன்று ஊக்குக் குத்தி, அதன்மேல் வலது கையை வைத்துக்கொண்டு இறங்கினார். மூன்று நாளும் கையை எடுக்கவில்லை. இடது கையாலேயே கும்பிட்டார். ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாளில் அவருக்கே கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. பதினான்கு மாடிக் கட்டடத்தில் நான்கு குடும்பங்கள்தான் குடிவந்திருந்தன. மாடியிலிருந்து பார்த்தால் பொட்டல், அதற்கப்பால் கருவேலங்காடு, கீழே எருமை. ஒரு டீ குடிக்க இரண்டு கிலோமீட்டர் நடை. திரும்பியும் இரண்டு.

கன்னையன் ஒரு பிடி அள்ளிவிட்டார்.

மறுவாரம் போடி ஜீப் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"சென்னை சென்னைன்னு பயமுறுத்துறாய்ங்க. ஆளே கிடையாதுப்பா. நம்ம பக்கத்துத் தேவாரம் ஊரு எவ்வளவோ தேவல. அங்கயாச்சும் தோட்டத்துக்குள்ள யானை பூந்தா நாலு பேரு கூடுவாய்ங்க."

"கடலு பாத்தீகளாண்ணே?" என்று கேட்டார் ஜீப் ஓட்டும் வீரணன்.

"பஸ்சுல போறப்பவே பாத்துட்டேன். ரோட்டோரமாத்தேன் கெடக்கு. அலையெல்லாம் சும்மா பேச்சு. நடுவுல நாலு கொக்கு நின்னுக்கிட்டிருக்கு."

"கடலுக்குள்ள கொக்கு நிக்குமாண்ணே?"

"நீ போயிருக்கியா?"

வீரணன் போனதில்லை. விவாதம் முடிந்தது. இந்த இனத்தின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கேள்விதான்; அதற்குமேல் ஆயுதம் எதற்கு? தன்னைக் கடலாக உயர்த்திய விஷயம் செங்கல்பட்டு ஏரிக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், சூர்யகலாவுக்கு மட்டும் வேலை கிடைக்காமல் இருந்திருந்தால்.

சூர்யகலா, கன்னையனின் தங்கை சந்திரவல்லியின் மகள். அதிகம் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பாள். மூன்றாம் முறை வாயைத் திறப்பதற்குள் பேச்சு மழைக்கோ மாமியாருக்கோ மாறிப் போயிருக்கும். அப்படிப்பட்டவள் சென்னைப் பாரிமுனையில் உள்ள ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியின் தேர்வில் போனிலேயே பேசி ஜெயித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை சேர வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. கடிதத்தை அவள் பதினோரு முறை படித்திருந்தாள்.

அப்பா பால்ராஜ் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. "உங்க மாமா சென்னையப் பாத்துட்டு வந்தவரு. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

மாமா வந்தார். கடிதத்தின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ஏழு மாடி ஆபீசு, முந்நூறு பேரு வேலை பாக்குறாகன்னு போட்டிருக்கே?"

"ஆமா மாமா."

"சென்னையிலயே மொத்தம் முந்நூறு பேரு இல்லையே ஆத்தா." பிறகு பால்ராஜ் பக்கம் திரும்பினார். "டூப்புக் கம்பெனி மாப்ளே. கப்பலுங்கிறான். நாந்தேன் கடலப் பாத்தேனே, முழங்கால் தண்ணி. கொக்கு நிக்கிற தண்ணியில கப்பல் எங்கிட்டு நிக்கும்?"

"அதான மச்சான்" என்றார் பால்ராஜ், தானே அந்தக் கொக்கைப் பார்த்தவர் போல.

சூர்யகலா போனில் துறைமுகத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள்.

"போன்ல என்னதேன் வராது? எங்க கடைக்காரரு பேரனுக்குப் பூனை முகம் வச்சு வருது. நீ நேர்ல போயிருக்கியா?"

அவள் போனதில்லை. "விடு, வேற வேலை வராமயா போயிரும்" என்று சொல்லிச் சந்திரவல்லி கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அந்த வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் போன காகிதம் எதுவும் மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வியாழக்கிழமை. அம்மா கொடுத்துவிட்ட குழம்பைச் சேர்க்க சூர்யகலா மாமாவின் கடைக்குப் போனாள். அங்கே குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டச் சம்சாரி ஒருவர், "ரெண்டாந்தரம்னு எப்படிச் சொல்லலாம்? இன்னொரு பிடி பாருங்க" என்று நின்றுகொண்டிருந்தார். கன்னையன் இந்த முறை மூட்டையின் நடுவில் முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். சரக்குக்காரர் இன்னொரு பிடி கேட்டால் மறுக்கக் கூடாது. அது அந்தக் கடையின் தர்மம். மறுத்தால் தரம் பார்ப்பவரின் தரம் போய்விடும்.

சூர்யகலா மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவதை, யாரும் மழையைப் பற்றிப் பேசுவதற்குள், சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, சென்னைக்கும் இன்னொரு பிடி பாருங்க. நடுவுல கைய விட்டு."

எடை போடும் சோலை தராசை நிறுத்தினார். "சரக்குக்காரக கேட்டுட்டாக. பாத்துத்தேன் ஆகணும்ணே."

கன்னையன் கையைத் தட்டிக்கொண்டார். "பாக்குறேன். பாத்தாலும் அது ரெண்டாந்தரம்தேன்."

வெள்ளிக்கிழமை சம்மதம் போனது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போடியிலேயே ரயில் ஏறினார்கள். 'ஆபீசு இல்லைன்னா அடுத்த வண்டியிலயே கூட்டிக்கிட்டு வந்துருவேன்' என்று பால்ராஜிடம் சொல்லிவிட்டுத்தான் மாமா ஏறினார். அந்த ரயில் செங்கல்பட்டுப் பக்கமே போகாது. சேலம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு நேரே சென்ட்ரலில் போய் நிற்கும். விடிந்ததிலிருந்து கன்னையன் ஜன்னலை விட்டு நகரவில்லை. "கடல் இன்னும் வரலையே ஆத்தா, கடல் வரலையே."

சென்ட்ரல் வாசலுக்கு வந்தார்கள். பெட்டிகளும் பைகளும் பூக்கூடைகளும் பிள்ளைகளும் தலைக்குமேல் மிதந்துவர, அவற்றுக்கு அடியில் மனிதர்கள் வர, அவர்களுக்குப் பின்னால் இன்னும் மனிதர்கள் வர, எதிரே பஸ்சுகள் ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்க, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்க, யாரோ "ஓரமா நில்லு பெருசு!" என்று ஒரு தள்ளு தள்ள, கன்னையன் அரைவட்டமாகச் சுழன்று நின்றார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து பேச்சு வரவில்லை.

வந்தபோது மிகவும் தெளிவாக வந்தது.

"ஆத்தா, தப்பா எறங்கிட்டோம். இது சென்னை இல்ல."

அவள் பெயர்ப் பலகையைக் காட்டினாள்.

"பலகையில எழுதிட்டா ஆச்சா? சாக்குலயும் முதல் தரம்னுதேன் எழுதி விடுறாய்ங்க."

ஆட்டோக்காரரிடம் கேட்டாள். "அண்ணே, இது சென்னைதான?"

"இன்னா பாப்பா, காலங்காத்தால கலாய்க்கிறியா?"

"பாத்தியா?" என்றார் மாமா. "அவரே ஆமான்னு சொல்லல."

அதே ஆட்டோவில் பாரிமுனைக்குப் போனார்கள். ஏழு மாடி இருந்தது. கன்னையன் தெருவில் நின்று விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினார். கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். தெருக்கோடியில், மதிலுக்கு மேலே, கட்டடம் போல ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்தது. கட்டடம் நகராது என்பதால் அதைக் கப்பல் என்று ஒத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

வாசலில் சூர்யகலா தயங்கி நின்றாள். மணி ஒன்பதே முக்கால். பெட்டி இன்னும் மாமா கையில்தான் இருந்தது. வா திரும்பிப் போவோம் என்று அவர் சொன்னால், திரும்பிப் போவதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கன்னையன் கப்பலைப் பார்த்தார். மாடிகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஊரு எதுவோ, ஆபீசு நெசமாத்தேன் இருக்கு" என்று பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "வெரசாப் போ. மொத நாளே லேட்டாப் போகாத. போயி ஒன் சோலியப் பாரு."

அவள் உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து வீரணன் கேட்டார். "அப்ப தங்கச்சி மகளுக்குச் சென்னையிலதேன் வேலையாண்ணே?"

"சென்னையில ஏதுப்பா வேலை? அதுக்கு அங்கிட்டுக் கடலோரமா ஒரு பெரிய ஊரு இருக்கு, அங்க. ஏ அப்பா, என்னா கூட்டம்! சென்னைக்காரய்ங்க பூராப் பேரும் அங்கதேன் குடி போயிட்டாய்ங்க போல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மூணாறு போகிற வழியில் போடியில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி, ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு, "போடியா, நல்லாத் தெரியுமே" என்று அப்புறம் நாலு பேரிடம் சொன்னவர் நீங்கள்தானே? அது நீங்கள் இல்லையென்றால், இந்த ஒரு கன்னையனைப் பற்றிப் படித்துவிட்டு, 'போடிக்காரர்களே இப்படித்தான்' என்று இப்போது மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டிருப்பவராவது நீங்கள்தான். கூச்சப்படாமல் வாருங்கள். அந்த பெஞ்சில் கன்னையன் இதோ நகர்ந்து இடம் விடுகிறார்.