நாலாம் குறுக்குத் தெரு அருவி

திருச்சிக்கு வருகிற பயணிகளுக்கு நெடுநாளாக ஒரு பெருங்குறை இருந்து வந்தது. அந்தக் குறை பயணிகளுக்கே தெரியாது. மேலிடம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மலைக்கோட்டை ஏறலாம், ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்கலாம், காவிரிப் பாலத்தில் நின்று காற்று வாங்கலாம். ஆனால் காலையில் அருவியில் நனைந்து, மதியம் ஜீப்பில் மேடு பள்ளம் ஏறிக் குலுங்கி, சாயங்காலம் காட்டு விலங்கைப் பார்த்து மிரண்டு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க வழியில்லை. வெளிநாட்டுத் தீவுகளில் இப்போது இதுதான் மோஸ்தராம். 'வெப்பமண்டல ஒருநாள் உலா' என்று பெயர். வெப்பத்துக்கு நம் ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. மற்ற மூன்றும் இல்லாமல் போனது நிர்வாகக் குறைபாடு என்று மேலிடம் கருதியது.

உடனே 'உலா மேம்பாட்டுத் தனிப் பிரிவு' என்று ஒன்று தொடங்கி, சித்தார்த்தன் என்ற இளம் அதிகாரியை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். அருவி என்றால் என்ன என்று நேரில் அறிந்துவர அவரை ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். அவரும் குளித்து அறிந்து, முதுகுத் தோல் உரிந்து திரும்பி வந்தார். வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. உலா முழுவதும் அவருடைய எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும். பச்சைமலையில் நிஜமான அருவி இருக்கிறது. ஆனால் அது இன்னொரு பிரிவின் அருவி. அவர்களிடம் கேட்டு அனுமதி வருவதற்குள் மலையே கரைந்துவிடும்.

இப்படி அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வேளையில்தான் ரெங்கராஜின் மனு அவர் மேஜைக்கு வந்தது.

ரெங்கராஜ் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொள்ளிடக் கரைப் பக்கம் புதிதாக முளைத்த நகர் ஒன்றில், நாலாம் குறுக்குத் தெருவில் கடைசி வீடு. மகள் விஜயராணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, டாக்டர் பார்த்தாயிற்று, தொட்டில் கூட வாங்கியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வலி வந்தால் அவளை ஏற்றிக்கொண்டு போக வீட்டு வாசல் வரை ஒரு வண்டி வர வேண்டும். அது வராது. பாதாளச் சாக்கடைக்கென்று தெருவை வெட்டியவர்கள் மூட மறந்து போய்விட்டார்கள். வெட்டும்போது உடைந்த குடிதண்ணீர்க் குழாய் அன்று முதல் பீச்சியடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஆசீர் நல்ல பையன். "உங்களுக்காக உயிரையே குடுப்பேன் சார். வண்டியை மட்டும் உள்ள விடச் சொல்லாதீங்க. போன மாசம்தான் ஆக்ஸில் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டான்.

ரெங்கராஜ் முறையாக எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் வயிறு எரிந்து ஒன்று எழுதினார். 'எங்கள் தெருவில் தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. ஜீப் தவிர வேறு எதுவும் நுழைய முடியாது. நாயும் குரங்கும் பன்றியும் காட்டில் திரிவது போல் திரிகின்றன. வெளிநாட்டுக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?' தபால் பிரிவில் இருந்தவர் மனுவை மேலோட்டமாகப் பார்த்தார். அருவி, ஜீப், விலங்கு, வெளிநாட்டுக்காரன். சந்தேகமே இல்லாமல் சித்தார்த்தனுக்கு அனுப்பிவைத்தார்.

சித்தார்த்தன் நேரில் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இதுதான் அந்த அருவியா?"

"குழாய் சார். உடைஞ்ச குழாய்."

"மேல போகுதே" என்று முதலில் அவருக்கே ஒரு சந்தேகம். பிறகு அவரே தெளிந்தார். "மேல போனது கீழ விழுதுல்ல?"

"விழுது சார்."

"அப்ப அருவிதான். விழறதைத்தான் நாம கணக்குல எடுத்துக்கணும். வருஷம் பூரா வருமா?"

"வீட்டுக் குழாயிலதான் சார் வராது. இங்க நிக்காது."

"பாருங்க, குற்றாலத்துலயே சீசனுக்குத்தான் வருது" என்று சித்தார்த்தன் நெகிழ்ந்து போனார். அப்போது மண் மேட்டிலிருந்து ஒரு நாய் எழுந்து உறுமியது. அவர் ரெங்கராஜின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "இது என்ன விலங்கு?"

"தெரு நாய் சார்."

"யாராவது வளக்குறாங்களா?"

"இல்ல சார். போன வாரம் போஸ்ட்மேனைக் கடிச்சுது."

"யார் கைக்கும் அடங்காம, தானே இரை தேடி, மனுஷனைக் கடிச்சு வாழுது. வேற எதை சார் வனவிலங்குன்னு சொல்றது?"

ரெங்கராஜ் தம் காரியத்திலேயே நின்றார். "சார், எம் பொண்ணு நிறைமாசமா இருக்கா. ஒரு ரோடு போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"ரோடா?" சித்தார்த்தன் பதறிவிட்டார். "ரோடு இல்லாததுதான் சார் உங்க தெருவோட சொத்து. அதைப் போய் விட்டுக்குடுக்கறேங்கறீங்களே!"

சில நாளில் தெருமுனையில் வரவேற்பு வளைவு வைத்தார்கள். உடைந்த குழாயைச் சுற்றிக் கம்பி வேலி கட்டி, 'இயற்கை எழிலுக்கு ஊறு விளைவிப்பது தண்டனைக்குரியது' என்று பலகை மாட்டினார்கள். குழாயைச் சரிசெய்ய அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓர் ஆள் வந்தார். பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

கூட்டம் வரத் தொடங்கியது. துவாக்குடிப் பக்கத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்து பள்ளத்தில் பைக்கை விட்டு விழுந்து, விழுந்ததை வீடியோ எடுத்தார்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து ரைஸ் மில் குடும்பங்கள் வேனில் வந்து, சோப்புப் போட்டுக் குளித்து, புளியோதரை சாப்பிட்டு, மிச்சத்தை வனவிலங்குகளுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பீமராவ், ரோடு கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர், போர்ட்டிகோவில் வாடகைத் துண்டும் எண்ணெய் மசாஜும் ஆரம்பித்தார். எதிர்வீட்டு இருதயமேரி டீச்சர் மாடி அறையை 'அருவி தெரியும் அறை' என்று வாடகைக்கு விட்டார். தெருவே வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"நம்ம ரோடு என்ன ஆச்சு ராவ் சார்?" என்று ரெங்கராஜ் கேட்டால், "இருங்க சார், சீசன் முடியட்டும்" என்பார் பீமராவ்.

ரெங்கராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் வயிறு சீசனுக்காகக் காத்திருக்குமா? யோசித்துப் பார்த்தார். இந்த நாட்டில் ரோடு எப்போது வருகிறது? பெரிய மனிதர் வரும்போது வருகிறது. அவர் வருவதற்கு முதல் நாள் தார் வரும், பிளீச்சிங் பவுடர் வரும், நாய் பிடிக்கிற வண்டி வரும். இந்தச் சூத்திரம் பொய்த்து அவர் பார்த்ததில்லை. நேரே சித்தார்த்தனிடம் போனார்.

"இவ்வளவு பெரிய திட்டத்தை ஒரு பிரமுகர் வந்து முறைப்படி தொடங்கி வைக்க வேணாமா சார்?"

சித்தார்த்தனுக்குக் கண்கலங்கிவிட்டது. தன் பிரிவின் அருமையை உணர்ந்த ஒரே குடிமகன் இவர்தான் என்றார். பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே நாள் குறித்தாயிற்று.

சூத்திரம் பொய்க்கவில்லை. தொடக்க விழாவுக்கு முதல் நாள் விடிந்ததும் விடியாததுமாக ரோடு போடும் பட்டாளம் வந்து இறங்கியது. மாதக்கணக்கில் சரிசெய்யாத குழாயை டீ குடிக்கிற நேரத்தில் பற்றவைத்தார்கள். பள்ளத்தை மூடினார்கள், தாரைக் கொட்டினார்கள், ரோலர் ஓடியது. நாய்கள் வண்டியில் ஏறின. குரங்குகள் நிலைமையைப் புரிந்துகொண்டு தாமாகவே போய்விட்டன. மத்தியானம் ஆசீரின் ஆட்டோ ரெங்கராஜ் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ரெங்கராஜின் மனைவி ரங்கநாயகி ஆட்டோவுக்குத் திருஷ்டி சுற்றிக் கற்பூரம் ஏற்றினாள். ரெங்கராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடு தாங்காமல் மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் சித்தார்த்தன் வந்து பார்த்துவிட்டு வளைவுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு சார் ரோடு போட்டீங்க?" என்று ரோடு இன்ஜினியரிடம் பாய்ந்தார்.

"பிரமுகர் வரார்ல? வந்தா ரோடு போடணும். அது மரபு."

"அவர் வரதே ரோடு இல்லாததைப் பாக்கத்தான் சார்!"

"அது வந்த பிறகு பாக்கட்டும். வரதுக்கு ரோடு வேணுமே."

இரண்டு பேரும் மேலிடத்துக்குப் போன் போட்டார்கள். மேலிடம் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, இரண்டும் சரி என்று கண்டு, ஓர் ஆணை இட்டது. 'பிரமுகர் வந்து சேரும் தெருமுனை வரை சாலை இருத்தல் வேண்டும். அதற்கு அப்பால் முந்தைய இயற்கை நிலை மீட்கப்படுதல் வேண்டும்.' போட்ட ரோட்டை மறுநாளே தோண்டுவது அரசுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்கும் டெண்டர் விட வேண்டும், நாளாகும். எனவே மீட்புப் பணி 'மக்கள் பங்களிப்புடன்' நடக்கும் என்று முடிவாயிற்று.

மறுநாள் பொழுது விடியும்போது மக்கள் கடப்பாரையோடு நின்றார்கள். முன்னால் பீமராவ்.

ரெங்கராஜ் குறுக்கே போய் நின்றார். "வெக்கமா இல்லையா சார்? ரோடு வேணும்னு கேட்டதே நாமதானே?"

"இப்பவும் வேணும்தான் சார். யார் வேணாம்னா?" என்றார் பீமராவ். "எங்க வாசல்ல மட்டும் வேணாம். பெட்டி பெட்டியா துண்டு வாங்கி அடுக்கியிருக்கேன், அதை என்ன பண்றது?"

சித்தார்த்தன் ரெங்கராஜின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "உலா ஜீப் எங்க நிக்கும்னு நினைக்கிறீங்க? உங்க வாசல்லதான். பகல் ராத்திரி அங்கேயேதான் நிக்கும். உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னா டிரைவர் உடனே எடுப்பார். ஆட்டோ கூப்பிட்டாத்தானே வரும்? இது வாசல்லயே நிக்குதே சார்."

ரெங்கராஜ் யோசித்தார். தான் கேட்டது வாசலில் ஒரு வண்டி. ரோடு அதற்கு ஒரு வழி, அவ்வளவுதானே. வண்டியே வந்து நிற்கும்போது ரோடு எதற்கு? மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவன் எவனும் அதை மண்குதிரை என்று நினைத்து இறங்குவதில்லை. அவர் வீட்டுக்குள் போய்த் தம் கடப்பாரையை எடுத்து வந்தார்.

பட்டறையில் இரும்போடு புழங்கிய கை. அந்தத் தெருவில் அவரைப் போல யாரும் தோண்டவில்லை. மற்றவர்கள் சுரண்டிய இடத்தில் அவர் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தார். பீமராவ் போட்ட ஒரே போடில் குழாய் பிளந்து அருவி மறுபடி எழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பின்கட்டு அறையில் படுத்திருந்த விஜயராணி சத்தத்தைக் கேட்டாள். அந்தத் தெருவில் கடப்பாரைச் சத்தம் காக்கை கரைகிற மாதிரி. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விழா ஒன்பது மணிக்கு. சொன்னபடி ஜீப் ரெங்கராஜ் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்றது. ஒன்பதரைக்கு விஜயராணிக்கு வலி கண்டது.

ரெங்கராஜ் வாசலுக்கு ஓடி வந்தார். "வண்டிய எடுங்க சார்! பொண்ணுக்கு வலி வந்துடுச்சு!"

சித்தார்த்தன் ஜீப்பின் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "பிரமுகர் இன்னும் ஏறல சார். அவர்தான் முதல் பயணி."

"எப்ப வருவார்?"

"கிளம்பிட்டார் சார்."

"எங்கேருந்து?"

"வீட்டுலேருந்து."

"சார், டேட்டுக்கு முன்னாடியே வந்துடுச்சு சார். தாங்க மாட்டா!"

சித்தார்த்தன் மனமிரங்கினார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "ரெண்டாவது பயணியா போட்டுக்கறேன். பேர் சொல்லுங்க."

ரெங்கராஜ் அந்த மனிதரை அடிக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். ஆசீருக்குப் போன் செய்தார். ஆசீர் பறந்து வந்தான், தெருமுனை வரை. அங்கே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் அவனால் வர முடியவில்லை. பீமராவ் தம் மசாஜ் கூடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில் விஜயராணியை உட்காரவைத்து, ரெங்கராஜும் பீமராவும் முன்னால், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பின்னால், ஆளுக்கொரு காலாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆட்டோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். பிரமுகர் அன்றைக்கு வரவே இல்லை. வழியில் வேறு யாரோ கூப்பிட்டார்கள் என்று வேறொரு அருவியைத் திறக்கப் போய்விட்டார். ஆனால் அந்த ஆட்டோவை எட்டுவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேலே அருவி கொட்டுகிறது. கீழே பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து எது மேடு எது குழி என்று தெரியவில்லை. நாற்காலி இந்தப் பக்கம் சரிகிறது, அந்தப் பக்கம் சரிகிறது. கூடவே ஓடிவந்த ரங்கநாயகி "அரங்கா, அரங்கா" என்று அலறுகிறாள். பாதி வழியில் பீமராவ் முழங்கால் வரை ஒரு பள்ளத்துக்குள் போனார். விழாமல் சமாளித்து நிமிர்ந்து கோபத்தில் கத்தினார்.

"என்ன தெருய்யா இது! ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணைத் தூக்கிட்டுப் போக நல்லதா ஒரு ரோடு இருக்கா? கேக்க நாதியில்லையா இந்த ஊர்ல?"

அவர் நடிக்கவில்லை. மனதாரத்தான் சொன்னார். பின்னால் பிடித்திருந்த இரண்டு பேரும் "அக்கிரமம் சார், அக்கிரமம்" என்றார்கள்.

விஜயராணி பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்து, வலியெல்லாம் திரட்டிக் கத்தினாள். "இந்த ரோட்டைக் கொத்திப் போட்டவன் கை விளங்காமப் போகட்டும்!"

நாற்காலி ஒரு கணம் ஆடி நின்றது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிடியை மாற்றிக்கொண்டார்கள். யாராவது ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு ரெங்கராஜ்தான் சொன்னார்.

"எல்லாம் இந்தக் கவர்மென்ட்தாம்மா."