டெல்லி சொன்னதை நம்பிய 'கொறஞ்சபட்சம்' சார்

டெல்லியில் எழுதி, சென்னையில் தமிழாக்கி, பாளையங்கோட்டையில் கட்டுக்கட்டாக இறக்கிய ஓர் அரசாங்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். படித்ததோடு நிற்காமல் அதை நம்பவும் செய்தார். அவர் எங்கள் தலைமை ஆசிரியர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் அதற்கு வேலை இருக்கவில்லை. ஊருக்கும் எங்களுக்கும் அவர் 'கொறஞ்சபட்சம்' சார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாட்டிலுள்ள எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரே அளவு என்று மேலே தீர்மானமாகியிருந்தது. ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும், மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும். காஷ்மீர் ஆனாலும் களக்காடு ஆனாலும் அதில் மாற்றம் கிடையாது. 'குறைந்தபட்சக் கற்றல் நிலைகள்' என்று அதற்குப் பெயர். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேராவது அந்த நிலையை எட்ட வேண்டும். எட்டினார்களா என்று பள்ளிக்கூடமே சோதித்து, பள்ளிக்கூடமே எழுதி அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

பயிற்சி வகுப்பில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சித்திரை மாதம், மின்விசிறி கிடையாது, புத்தகத்தின் அட்டையோ கெட்டி. நாங்கள் அதை உடனே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டோம். சார் மட்டும் வியர்க்க வியர்க்கப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கியது. டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "பாலு எட்டிட்டு, சீனி எட்டிட்டு. தேயிலைதான் இன்னும் கொறஞ்சபட்சத்துக்கு வரல. பரவால்ல, பையப் பைய வந்திரும்." கடைக்காரர் அவருக்குப் பதில் சொல்வதை நிறுத்தியே ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் கொழுந்தியாளைப் பெண் பார்க்க ஆலங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நானும் இருந்தேன். கேசரி, மிக்சர் எல்லாம் ஆனது. சார் அன்றைய பேப்பரை மடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் பத்தியைக் கொஞ்சம் வாசிங்க."

மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அவர் தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து துண்டை உதறினார். அடுக்களையிலிருந்து சாரின் வீட்டம்மா குரல் வந்தது. "ஏங்க, அவுக பொண்ணு பாக்கத்தானே வந்திருக்காக? பரீட்சை எழுதவா வந்திருக்காக?"

மாப்பிள்ளை நல்ல மனிதர், வாசித்துவிட்டார். 'இறக்குமதி' என்ற சொல்லில் மட்டும் ஒருமுறை இடறினார். சார் சபையைப் பார்த்து அறிவித்தார்: "அஞ்சாம் வகுப்பு நிலை தாராளமா இருக்கு. முடிச்சிரலாம்." கல்யாணமும் நடந்தது. அந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகு சாரைத் தூரத்தில் கண்டாலே கையிலிருக்கும் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

இனி எங்கள் பள்ளிக்கூடம். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஐந்து வகுப்புகளும் ஒரே நீளமான அறையில். வாத்தியார்கள் இரண்டு பேர், அவரும் நானும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரைஸ்மில். அது காலையில் ஓட ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும், பிறகு சாயங்காலம் வரை ஓடும். ஓடும்போது கரும்பலகையே நடுங்கும். நாங்கள் வாயசைப்போம், பிள்ளைகளும் வாயசைக்கும். அப்படித்தான் பல வருஷமாகக் கல்வி நடந்துவந்தது.

புத்தகத்தில் 'புரிந்து கேட்டல்' என்று ஒரு திறன் இருந்தது. சார் அதை அடிக்கோடிட்டுக்கொண்டு மில்காரரைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

"அண்ணாச்சி, பிள்ளைக புரிஞ்சு கேக்கணும்னு போட்டிருக்கு. காலையில ஒரு மணி நேரம் மில்லை நிறுத்திருங்க."

"யாரு போட்டிருக்கா?"

"டெல்லியில."

"டெல்லிக்காரன் என் மில்லுக்கா நெல்லைக் கொண்டாரான் சார்வாள்? இங்கன உள்ளவன்தான் கொண்டாரான். அவன் காலையிலதான் வாரான்."

"அப்ப பிள்ளைக?"

"நீரு கொஞ்சம் சத்தமாச் சொல்லிக்கொடும்."

சார் இதை நியாயமான யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மில்லோடு போட்டி போட்டுக் கத்தினார். அந்த வாரக் கடைசியில் அவர் தொண்டை நின்றுவிட்டது, மில் நிற்கவில்லை. பிறகு கொஞ்ச நாள் பனங்கற்கண்டுப் பாலும் கரும்பலகையுமாகப் பாடம் நடத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையில் ஆசிரியர்கள் கூட்டம் நடந்தது. இந்த ஒரே அளவை ஏற்பதா, எதிர்ப்பதா என்று விவாதம். முதலில் ஒருவர் எழுந்தார். "மேலப்பாளையத்துல தறி நெய்யுதவன் பிள்ளைக்கும் டெல்லியில கார்ல போற பிள்ளைக்கும் ஒரே அளவா? அநியாயம்!" பலத்த கைதட்டல். அடுத்தவர் எழுந்தார். "ஒரே அளவு வந்தாத்தான் நிதி வரும், கட்டடம் வரும். ஏத்துக்கிடணும்!" அதற்கும் பலத்த கைதட்டல். தட்டியவர்கள் இரண்டு முறையும் ஒரே ஆட்கள்தான்.

சார் கையைத் தூக்கினார். குரல் இன்னும் முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

"கார்ல போற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியணும்னு சொல்லுதான். தறிக்காரன் பிள்ளைக்கும் தெரியணும்னு சொல்லுதான். இதுல எது அநியாயம்? ஆனா பிள்ளைக்கு அளவு ஒண்ணுன்னா பள்ளிக்கூடத்துக்கும் அளவு ஒண்ணா இருக்கணும்லா? டெல்லியில பள்ளிக்கூடத்தை ஒட்டி ரைஸ்மில்லு இருக்கா? அதைக் கேளுங்க. பிள்ளைக்கு அளவே வேண்டாம்னு கேக்காதீங்க."

ஒருவரும் தட்டவில்லை. அவர் எந்தப் பக்கம் என்று பிடிபடாததால் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டது. அதற்குள் டீ வந்தது. விவாதம் அதோடு முடிந்தது.

சோதனை நாள் வந்தது. மில் சாப்பாட்டுக்கு நின்ற நேரத்தில், மூன்றாம் வகுப்பின் பத்துப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொன்னார் சார். முடிந்தபோது அவர் முகம் பார்க்கும்படி இல்லை. கொண்டுவந்த சோற்றைத் திறக்கவே இல்லை.

"இத்தனை வருஷமா இதுக வாயை மட்டும்தான்வே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

பத்துக்கு மூன்று. அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

எங்கள் ஒன்றியத்தில் மற்ற எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளும் நிலையை எட்டியிருந்தார்கள். ஒரு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைவிட எட்டிய பிள்ளைகள் கூடுதல் என்றுகூடக் கேள்விப்பட்டேன். இப்பேர்ப்பட்ட வெற்றியின் நடுவில் 'பத்துக்கு மூன்று' என்று ஒரு பள்ளி நின்றால் கல்வி அலுவலர் சும்மா இருப்பாரா? ஜீப் வந்தது. மில் ஓடிக்கொண்டிருந்ததால் வாசல் வேப்பமரத்தடியில் நின்று கத்திப் பேசினார்கள்.

"என்ன சார் இது? ஒன்றியமே எட்டியாச்சு. உம்ம பள்ளிக்கூடம் ஒண்ணுதான் பாக்கி. மேல உள்ளவன் என்னைல்லா கேக்கான்?"

"எட்டலையே சார்."

"எட்டிட்டுன்னு எழுதும்."

"எட்டினதும் எழுதிருதேன் சார்."

அலுவலருக்கு முகம் சிவந்தது. "ஜில்லாக் கோடியில உள்ள உவரிக்குத் தூக்கிப் போட்டிருவேன், பாத்துக்கிடும்!"

சார் ஒரு கணம் யோசித்தார். "அங்கயும் இதே அளவுதானே சார்? நாடு முழுக்க ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு?"

இது திமிரா நம்பிக்கையா என்று அலுவலருக்கு விளங்கவில்லை. கூடவே கிடந்த எனக்குத் தெரியும், சுத்தமான நம்பிக்கை.

"நானே சோதிக்கேன்" என்று அலுவலர் உள்ளே போனார். "மில்லு நிக்கட்டும் சார்" என்று சார் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, அல்லது கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாளை எழுப்பி, தமிழ்ப் புத்தகத்தில் ஒட்டகம் பாடத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பேச்சியம்மாள் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். கண் வரி வரியாக நகர்ந்தது, உதடு தடையில்லாமல் அசைந்தது. ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. அலுவலர் என் பக்கம் குனிந்து காதில் கத்தினார். "பிரமாதமா வாசிக்காளே! இதைப் போயி எட்டலைன்னு..."

அப்போது கரண்ட் போனது.

மில் இரைந்து இரைந்து அடங்கியது. அறை முழுக்க நிசப்தம். பேச்சியம்மாள் மட்டும் ஒட்டகத்தின் மேல் வைத்த கண் வாங்காமல் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..."

"ஏட்டி, இதுல ஒட்டகம்லா போட்டிருக்கு?" என்றார் அலுவலர்.

"எனக்கு ஒட்டகம் தெரியாது சார். வாய்ப்பாடுதான் தெரியும்."

"கணக்குல எட்டிட்டா சார்" என்றார் எங்கள் சார், வேலையைக் கருத்தாகச் செய்பவரின் குரலில்.

அலுவலர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு ரொம்பத் தணிந்த குரலில், "எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்குமோ வே?" என்றார்.

"எங்க பள்ளிக்கூடத்தைப் பத்தித்தான் சார் நான் எழுத முடியும்."

அலுவலர் ஜீப்பில் ஏறினார். 'பத்துக்கு மூன்று' அப்படியே நின்றது.

மறுநாள் சார் ஒரு முடிவுக்கு வந்தார். மில் நகராது, கட்டடம் நகராது, ஆகவே வகுப்பு நகர வேண்டும். அன்று முதல் வாசிப்பு வகுப்பு ஆற்றுப் படித்துறையில், மருதமரத்தடியில். துணி துவைக்க வந்த பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். "பொம்பளைக குளிக்கிற இடத்துல என்ன சார்வாள் பள்ளிக்கூடம்?"

சார் அதையும் ஒப்புக்கொண்டார். தானும் பிள்ளைகளும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வாழைத்தோப்பைப் பார்த்து உட்காருவது என்று ஏற்பாடு. பாடம் நடக்கும். முதுகுக்குப் பின்னால் துணியடிக்கும் சத்தம் திடீரென்று நிற்கும், ஒரு குரல் வரும்: "ஏளா, 'ஒடகம்'னா வாசிக்கே? நடுவுல 'ட்'டுன்னு ஒண்ணு கெடக்கு பாரு!" யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்க சாருக்கு உரிமை இல்லை. வாழைத்தோப்பைப் பார்த்தபடியே "சரியாச் சொன்னீக" என்பார். அந்த ஊரில் ஒட்டகத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் அது தண்ணீர் குடிக்காமல் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பது அந்தப் படித்துறையில் துவைக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

பங்குனியில் மறுபடியும் சோதனை. பேச்சியம்மாள் ஒட்டகத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்தாள். முடித்துவிட்டு, கேட்காமலே அடுத்த பாடத்தையும் வாசிக்கப் போனாள், நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். மொத்தத்தில் பத்துக்கு ஏழு.

"சார், ஒண்ணுதானே கொறையுது. எட்டுன்னு போட்டிருவோமா?" என்றேன்.

"எட்டு எட்டலையே வே" என்றார். ஏழு என்று எழுதினார்.

ஜூனில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்றியத்திலேயே பிள்ளைகள் நிலையை எட்டாத பள்ளி எங்களுடையது ஒன்றுதான் என்பதால், புதிதாக வந்த ஆசிரியரை எங்களுக்கே கொடுத்தார்கள். மற்றவர்கள் தங்களுக்குத் தேவையில்லை என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்களே. இன்னொரு உத்தரவில் சாருக்கு உவரிப் பக்கம் மாறுதல். அதை அலுவலரே நேரில் கொண்டுவந்தார். "நான் போட்டது இல்ல சார், மேலேருந்து வந்தது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அங்கன பள்ளிக்கூடத்துப் பக்கத்துல என்ன சார் இருக்கு?"

"கடல்."

"நல்லது. அது ஒரே சீரான சத்தம்" என்றார் சார்.

அந்த வருஷம் என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளி வாத்தியார்கள் பலரையும் போல நானும் பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். சார் பொறுப்பை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், மகளுக்குப் புதுப் பாவாடை உடுத்தி, பஸ் ஏற்றி, எங்கள் பள்ளிக்கே கூட்டி வந்தேன்.

"என்னவே, இங்கனயா?" என்றார் சார்.

"இங்கனதான் சார்."

அவர் என் மகளை முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதற்கு அப்போதெல்லாம் அதுதான் அத்தாட்சி. அவள் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. எம்பினாள். எம்பினால் காதும் கூடவே எம்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு பேரை எட்டு என்று எழுதாத மனிதரிடம் என்ன கேட்பது? சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையிலிருந்த டெல்லிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டு நிதானமாகப் புரட்டினார்.

"காதைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே வே" என்றார். பேனாவைத் திறந்து அவள் பெயரை எழுதிவிட்டார்.

அவள் விரல் நிஜமாகவே காதைத் தொட்டது ஐப்பசி மழையின்போது. அடுத்து வந்த விடுமுறையில் திசையன்விளை பஸ் ஏறி, அங்கிருந்து உவரிக்கு மாறி, அவரிடம் சொல்லப் போனேன். நான் சொன்னாலே நம்பிவிடுவார்தான். ஆனாலும் அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.