அசதி அண்ணனும் ரெபேக்கா அக்காவும்

கடவுளையே கொஞ்சம் களைப்படைய வைத்த மனிதர் கடலூரில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் போடும் அசதி அண்ணன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. "கிறிஸ்தவன் அசதியா இருக்கக் கூடாது தம்பி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அசதி என்பதே அவருக்குப் பேராகிவிட்டது.

சுனாமி வந்துபோன பிறகான வருஷங்கள். நான் அங்கே ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். சிலிண்டரை இறக்கி வைத்தோமா, போனோமா என்று போகிற ஆளில்லை அவர். அடுப்பு அழுக்காக இருந்தால் துடைப்பார். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுவார். ஒரு வீட்டில் மாவு பொங்கி வழிவதைப் பார்த்தவர், வீட்டுக்காரம்மா குளித்துவிட்டு வருவதற்குள் இட்லி ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டார். அந்தம்மா அலறியது அடுத்த தெருவுக்குக் கேட்டது.

லெந்து என்கிற தவக்கால நாட்களில் விடியற்கால ஜெபத்துக்கு ஆள் சேர்க்க, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாக வருவார். மளிகைக்கடை முருகன் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்; ஆனாலும் இருவரும் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒருநாள் கதவைத் திறந்து கெஞ்சினார்.

"மாமா, நான் சர்ச்சுக்கே வர்றவன் இல்ல. என்னை ஏன் எழுப்புறீங்க?"

"கடையாச்சும் தொற மச்சான். படுத்துக் கெடந்து இன்னா பண்ணப்போற?"

முருகன் கடையைத் திறந்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

அண்ணனின் மனைவி ரெபேக்கா அக்கா நேர் எதிர். ஒரு டம்ளர் டீயை அரை மணி நேரம் குடிப்பார். "இந்த மனுஷன் மோட்சத்துக்குப் போனா அங்கயும் பெருக்க ஆரம்பிச்சுடுவாரு" என்று சிரிப்பார். அந்த அக்காவுக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "விடாம பேச்சுப் பழக்குங்க" என்றார் டாக்டர். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அண்ணன் கட்டில் பக்கத்திலேயே குடியேறினார். "அம்மா சொல்லு. அப்பா சொல்லு. ஆமென் சொல்லு." நடுநடுவே ஜெபம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் ஆமென் சொல்லப் பழகிவிட்டார்கள். அக்கா மட்டும் சொல்லவில்லை.

நானும் முருகனும் பார்க்கப் போனோம். அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

"மாமா, கொஞ்சம் விடுங்களேன். அவுங்க மொகத்தப் பாருங்க" என்றார் முருகன்.

"நான் விட்டுட்டா அவளும் விட்டுடுவா மச்சான். நம்ம பங்குக்கு நாம பாடுபடணும். மீதிய கர்த்தர் பாத்துப்பாரு." அக்கா பக்கம் குனிந்தார். "ரெபேக்கா, ஆமென் சொல்லு."

அக்காவின் உதடு கோணியது. தொண்டைக்குள் ஏதோ புரண்டு வந்தது.

"போ...தும்."

அண்ணன் வார்டு முழுக்க ஓடினார். "பேசிட்டா, எம் பொண்டாட்டி பேசிட்டா" என்று நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"போதும்னு..."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பி வந்தார்.

"போதுமாம்மா?"

அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"சரிம்மா."

அதன் பிறகு பாடம் கிடையாது. தலை வாரிவிட்டார், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மாசம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அண்ணன் என்னிடமும் முருகனிடமும் கேட்டார். "அவள நான் ரொம்ப ஜாஸ்தி படுத்திட்டனா?"

முருகன்தான் சொன்னார். "பொழைக்கணும்னுதான மாமா படுத்துனீங்க. அது அவுங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச் ஆராதனையில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கத்தின் நடுவில் அவர் தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. லேசாகக் குறட்டை கூட வந்தது. கடைசிப் பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்து நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை.